மீட்டர் வைத்த கோப்பி

முதல் தடவை அவர் கையால் கோப்பி குடித்தபோது நான் துப்பிவிட்டேன். வேப்பிலையை அரைத்து வாய்க்குள் அப்பியது போல அப்படி ஒரு கசப்பு. துப்பிய பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த யாழ்ப்பாணத்து அம்மா, ஆஸ்பத்திரியில் உத்தியோகம், மரியாதையாகக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு கோப்பை கொடுக்கிறார். நானோ அவருடைய குசினித் தொட்டியில் போய்த் துப்பிக்கொண்டு நிற்கிறேன். மானம் போய்விட்டது.

அவர் கோபிக்கவில்லை. என் கையிலிருந்த கோப்பையை வாங்கி மோந்து பார்த்தார்.

"சரியாத்தான் துப்பினீர் பிள்ளை. சூடு கூடிப்போச்சு. தூள் எரிஞ்சிட்டுது," என்றார்.

பிறகு என்னை மறுபடியும் கதிரையில் இருத்திவிட்டு மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அடுத்த கோப்பை வருவதற்குள் என் வீட்டு அடுப்பில் சோறு குழைந்து கஞ்சியாகிப் போனது. அந்த இரண்டாவது கோப்பையை ருசித்துக் குடித்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் துப்பவில்லை.

கண்டி டவுனுக்கு மேலே, அம்பிட்டிய போகிற பாதையில் ஏறும் ஒரு ஒழுங்கையில் எங்கள் இரண்டு வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இருந்தன. ஒழுங்கையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. எனக்கு மட்டும் அக்கா. அவருக்கு நான் 'பிள்ளை'. எனக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அது வேறு கதை. அக்கா கல்யாணம் கட்டாதவர், தனி ஆள், எலும்பும் தோலுமாக இருப்பார். ஆனால் ஒழுங்கை முனையில் அவர் குடை தெரிந்தால் நாய்கூட எழுந்து வழி விடும்.

மெஷின் இத்தாலியிலிருந்து வந்தது. அங்கே அகதியாகப் போய் ஹோட்டலில் வேலை செய்த அவருடைய தம்பி, ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். வீட்டில் வைத்துப் பாவிக்கிற சின்னது. ஒரு ரேடியோப் பெட்டி அளவுதான். உள்ளே ஒரு பித்தளைப் பானை, அதில் தண்ணீர் சூடாகும். முன்பக்கத்தில் ஒரு சிவப்பு லைட். லைட் அணைந்தால் சூடு வந்துவிட்டது என்று அர்த்தமாம்.

"அது பொய் சொல்லுற லைட்," என்பார் அக்கா.

லைட் அணைந்த பிறகும் பானையின் சூடு ஏறிக்கொண்டே போகுமாம். அப்போது ஊற்றினால் தூள் எரிந்து கசக்கும். சரி, ஆறட்டும் என்று நின்றால் ஒரேயடியாக இறங்கிவிடும். அப்போது ஊற்றினால் புளிக்கும். அதனால் முதலில் வெறும் தண்ணீரைத் திறந்துவிடுவார். அது புஸ் புஸ் என்று சீறிக்கொண்டு, சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்த மாதிரி துப்பும். சீறல் அடங்கித் தண்ணீர் சத்தமில்லாமல் விழத் தொடங்கும்போது தூள் போட்ட கைப்பிடியை மாட்டித் திருகி மறுபடியும் திறப்பார். பின்னேரத்தில் ஒழுங்கை வீடுகள் எல்லாவற்றிலும் லைட் போட்டதும் கரண்ட் குறைந்து இழுபடும். அப்போது அவருடைய கணக்கெல்லாம் பிழையாகிப்போகும். நல்ல தூளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக எடுத்துப் போட்டு, வந்த கோப்பியை மோந்து பார்த்துவிட்டுத் தொட்டியில் கொட்டுவார். எனக்கு வயிறு எரியும்.

"ஏன்க்கா கொட்டுறீங்க? கொஞ்சம் சீனிய போட்டுக் குடிச்சா என்ன, வாய்க்குள்ள போறதுதானே?"

"பிழையெண்டு தெரிஞ்சு எப்பிடிப் பிள்ளை குடிக்கிறது?"

என் வீட்டுக்காரர் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவருக்கு அக்காவின் கோப்பி என்றால் சிரிப்பு. "இருமல் மருந்து மூடியில ஊத்துற அளவுதான் இருக்கு. அதுக்கு அந்தம்மா ஒரு கொழந்தைய பெத்தெடுக்குற நேரம் எடுக்குறாங்க," என்பார். ஆனால் கூப்பிட்டால் முதல் ஆளாகப் போய் உட்காருவார்.

என் அண்ணன் கதைதான் கொஞ்சம் விபரீதமாகப் போனது. அவன் ஹுன்னஸ்கிரியப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தான். லயத்து வீட்டுக்குப் பின்னால் அப்பா வைத்த நாலைந்து கோப்பிச் செடி. அந்தக் கொட்டையைக் காயவைத்து அக்காவுக்கு ஒரு பை கொண்டுவந்து கொடுத்தான். அக்காவுக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே வறுத்து, அரைத்து, அவனுக்கு ஒரு கோப்பை கொடுத்தார். அவன் குடித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டான்.

"என்னண்ணே மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?"

"ஆறிப்போன கோப்பிய குடுக்குறாங்க. ஆவி கூட வரல. ஒரு வாய்தான் இருந்துச்சு, அதையும் ஆறவச்சுக் குடுத்தா என்ன அர்த்தம்? தோட்டத்து ஆளுக்கு இது போதும்னு நெனச்சிட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொன்னதில் பிழையும் இல்லை. எங்கள் தோட்டத்து ஆட்களுக்குக் கோப்பி என்றால் கொதிக்க வேண்டும், வாயால் ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். ஆறியதைக் கொடுப்பது 'எழுந்து போ' என்று சொல்வதற்குச் சமம். யாழ்ப்பாணத்து ஆட்கள் எங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்ற பயம் எங்களுக்குள் எப்போதும் ஒரு முள்ளாகக் கிடந்தது. நான் மனம் கேட்காமல் போய் அக்காவிடம் அப்படியே போட்டுடைத்தேன்.

அவர் முகம் வெளிறிப்போனது. அடுத்த தடவை அண்ணன் வந்தபோது, கோப்பையை முதலில் கொதிநீருக்குள் முக்கி வைத்து, துணியால் துடைத்து, அது கையைச் சுடச் சுட அதில் கோப்பியைப் பிடித்துக் கொடுத்தார். "தம்பி, கோப்பை குளிராக் கிடந்ததை நான் யோசிக்கேல்லை. அது என்ரை பிழை," என்றார். அண்ணன் அன்றைக்கு மூன்று கோப்பை குடித்துவிட்டுப் பன்விலவில் இருந்த சித்தப்பா வீட்டில் போய்த் தூக்கமில்லாமல் கிடந்தானாம். அதன் பிறகு வருஷம் தவறாமல் கொட்டை வந்தது.

சூட்டுப் பைத்தியம் அவருக்கு மெஷினோடு வந்தது இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் பார்த்த வேலையே அதுதான். நோயாளிகளிடம் எடுத்த சாம்பிளைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, மனித உடம்புச் சூட்டிலேயே ஒரு பெட்டிக்குள் வைத்துக் கிருமி வளருகிறதா என்று பார்ப்பார்களாம். சூடு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் எல்லாம் பாழ். எந்தக் காய்ச்சலுக்கு எந்த மருந்து என்று டாக்டருக்குத் தெரியாமலே போய்விடும்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கலவர வாரத்தில் டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தபோது அக்காவோடு வேலை செய்த ஒரு சிங்கள நர்ஸ் அவரைத் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார். ஒரு நாள்கூட ஆகவில்லை, என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விடுங்கள் என்று அக்கா நின்றாராம். கரண்ட் போய்ப் போய் வருகிறது, பெட்டியைப் பார்க்க ஆளில்லை என்று ஒரே பிடி. கடைசியில் அந்த நர்ஸ் தன்னுடைய கண்டிச் சேலை ஒன்றைச் சிங்களப் பெண்கள் கட்டுகிற மாதிரியே கட்டிவிட்டு, புருஷனின் காரில் ஏற்றி அனுப்பினாராம். இதை அக்கா சொல்லவில்லை. அந்த நர்ஸ் ஒரு நாள் கோப்பி குடிக்க வந்தபோது சிரித்துச் சிரித்துச் சொன்னார். போகிற வழியெல்லாம் சேலை கட்ட நேரம் போய்விட்டது என்றுதான் அக்காவுக்குக் கோபமாம்.

"பயமா இருக்கலியாக்கா?" என்று கேட்டேன்.

"பயம்தான். நான் பயப்பிட்டால் பெட்டியின்ரை சூடு நிக்குமே?"

அவ்வளவுதான் பதில். உடனே, உம்மடை சோறு அடுப்பிலை இல்லையோ என்று பேச்சை மாற்றிவிட்டார்.

பிறகு யுத்தம் முற்றிய காலத்தில் அவருடைய தங்கை மகன் பேராதனைக் கெம்பஸில் எஞ்சினியரிங் கிடைத்து அக்காவோடு தங்க வந்தான். மெலிந்த பிள்ளை, மூக்குக் கண்ணாடி, சத்தமாகத் தும்மக்கூட மாட்டான். பெரியம்மா பெரியம்மா என்று அவர் முந்தானையில் சுற்றுவான். ஆனால் கோப்பி விஷயத்தில் மட்டும் துணிச்சல்காரன். "இண்டைக்குப் புளிக்குது பெரியம்மா," என்று முகத்துக்கு நேரே சொல்லுவான். அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அவன்தான் அந்த வேலையைச் செய்தான். மெஷினின் மேல் மூடியைக் கழற்றி, பித்தளைப் பானையில் ஒரு மெல்லிய வயரின் நுனியைக் கறுப்பு டேப் சுற்றி ஒட்டி, மறுநுனியை வெளியே இழுத்து ஒரு சின்ன மீட்டரில் பொருத்தினான். மீட்டரில் சூட்டு இலக்கம் சிவப்பு எழுத்தில் ஓடும். லைட் சொல்லும் பொய்யை இது காட்டிக்கொடுத்துவிடும். அக்கா சின்னப் பிள்ளை மாதிரி அதற்கு முன்னால் கைகட்டி நின்று பார்த்தார். அன்றைக்கு வந்த கோப்பியை நானே இன்னொரு வாய் கேட்டு வாங்கிக் குடித்தேன் என்றால் பாருங்கள்.

ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கழன்ற மூடி, கறுப்பு டேப், வயர், சிவப்பாக ஓடுகிற எழுத்து. காலம் என்ன காலம்! யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருக்கிற பொடியன் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு சாமானா?

"அக்கா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், அந்த மூடிய போட்டு வைங்க. பாக்குறவங்க என்னன்னு நெனப்பாங்க?"

"மூடினால் உள்ளுக்குச் சூடு அடைபட்டு மீற்றர் கூடக் காட்டும் பிள்ளை."

இப்படிச் சொல்கிறவரிடம் என்னத்தைப் பேசுவது?

டவுனில் குண்டு வெடித்த பிறகு பொலிஸ்காரர்கள் ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடினார்கள். எங்கள் ஒழுங்கைக்கு ஒரு காலையில் வந்தார்கள். எங்கள் வீட்டில் அரிசி டின்னைக் கிளறிவிட்டுப் போனார்கள். அக்கா வீட்டுக்குள் போன பொலிஸ்காரன் போன வேகத்தில் வெளியே ஓடிவந்து மற்றவர்களைக் கூப்பிட்டான். அக்கா வேலைக்குப் போயிருந்தார். பொடியன்தான் படித்துக்கொண்டிருந்தான். மெஷின் சூடேறிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. "மேக்க மொக்கக்த?" என்று கத்தினார்கள், இது என்ன என்று. கோப்பி மெஷின், கோப்பி மெஷின் என்று பிள்ளை அழுகிற குரலில் சொன்னது எங்கள் சுவரைத் தாண்டிக் கேட்டது. நான் ஓடிப்போய், ஆமாம் மாத்தயா, கோப்பி போடுறதுதான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். யார் கேட்டார்கள்? பிளக்கைப் பிடுங்கி, குண்டைத் தூக்குவது போல மெஷினை ஒரு வாளிக்குள் வைத்து, பொடியனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஏறிய பிள்ளைகள் பூசா சிறைக்குப் போனார்கள், இன்னும் எங்கெங்கோ போனார்கள். சிலர் வரவே இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடி அக்காவைக் கூட்டி வந்தேன். கதறுவார், கடவுளைக் கூப்பிடுவார் என்று பார்த்தால், நேரே குசினிக்குள் போனார். கோப்பித் தூள் டின்னை எடுத்தார். இரண்டு கோப்பை எடுத்தார். ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பினார். மெஷினின் கைப்பிடி மேசையிலேயே கிடந்தது, அதையும் எடுத்துப் பைக்குள் போட்டார்.

"கடவுளே! பிள்ளையோட கெம்பஸ் கார்ட எடுங்க. கோப்பை எதுக்குக்கா?"

"அவங்கள் கைப்பிடியை விட்டிட்டுப் போட்டாங்கள். இது இல்லாமல் அது என்ன மெஷின் எண்டு ஆருக்குத் தெரியும்?"

பொலிஸில் பிள்ளை ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி இல்லை. கன்னம் வீங்கியிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. மெஷின் முற்றத்தில், ஒரு மணல் மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. ஓ.ஐ.சி. என்று எல்லோரும் சொல்லும் பொறுப்பதிகாரி பெரிய தொந்தியும் சிவந்த கண்ணுமாக எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க அம்மாவும் கோப்பி போடுறா," என்றார் சிங்களத்தில். "தண்ணிய கொதிக்கவெச்சுத் தூளை போடுறா. கோப்பிக்கு எதுக்கு மீட்டர்? இவன் சொல்றான், சூடு பாக்கவாம். என்னை என்ன பைத்தியக்காரன்னு நினைச்சீங்களா?"

நியாயமான கேள்விதான். உலகத்தில் யார் நம்புவார்கள்? நானே அக்காவைப் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

"போட்டுக் காட்டுறேன்," என்றார் அக்கா, நல்ல சிங்களத்தில். "ஒரு பிளக் தாங்க."

மெஷினைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். பிளக்கை மாட்டியதும் இரண்டு கான்ஸ்டபிள்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சிவப்பு எழுத்து ஏறத் தொடங்கியது, ஆனால் நத்தை மாதிரி. தலைக்கு மேலே ஃபேன் சோர்ந்து சுற்றியது. ஓ.ஐ.சி. விரலால் மேசையைத் தட்டினார். லைட் அணையவில்லை. அவருடைய அவசரத்தைப் பார்த்து அக்கா அதற்கு முன்னமே தூளைப் போட்டு, கைப்பிடியை மாட்டி ஒரு கோப்பை எடுத்தார். வெளிறிய தண்ணீர் சட்டென்று இறங்கியது. மோந்து பார்த்தார். வாசலுக்குப் போய்ப் பூச்சட்டியில் கொட்டினார்.

"ஏன் கொட்டின?"

"சூடு காணாது. புளிக்கும். உங்க ஸ்டேஷன்ல கரண்ட் குறைவு. பின்னால ஏதோ கொதிக்குது, அதை நிப்பாட்டச் சொல்லுங்க."

பொலிஸ் ஸ்டேஷனுக்குள் நின்று ஓ.ஐ.சி.யிடம் அதை நிறுத்து என்கிறாரே! உண்மையாகவே பின்னறையில் ஒரு ஹீட்டரில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் போய் அணைத்தான். எழுத்து விறுவிறு என்று ஏறியது. லைட் அணைந்தது. அக்கா வெறும் தண்ணீரைத் திறந்தார். புஸ்ஸென்று அது சீறியபோது சுவரோடு நின்றவர்களில் ஒருவன் துவக்கைத் தூக்கிவிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீராவிதான் மகன், பயப்படாதீங்க," என்றார் அக்கா அவனிடம்.

இரண்டாவது கோப்பை வந்தது. கறுப்பாக, நுரையாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓ.ஐ.சி. நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாடா என்று நான் முருகனைக் கும்பிட்டேன். அக்கா மீட்டரைப் பார்த்தார், கோப்பையை மோந்தார், "எரிஞ்சிட்டுது" என்று நேரே பூச்சட்டிக்குப் போனார்.

என் பொறுமை அறுந்துவிட்டது. அது பொலிஸ் என்பதும் மறந்துபோய்த் தமிழில் கத்தினேன்.

"ஒங்களுக்குப் பித்தா புடிச்சிருக்கு? ஏதோ ஒன்ன குடுத்துட்டுப் புள்ளய கூட்டிட்டுப் போற வழிய பாப்பீங்களா! பெத்த புள்ள மாதிரி வளக்குறவன விட இந்தச் சூடா பெருசு?"

அக்கா திரும்பினார். அப்போதுதான் பார்த்தேன், அவருடைய கண்ணில் தண்ணீர்.

"பிள்ளை, அந்த வயர் சூட்டுக்குத்தான் எண்டு அவன் இவங்களுக்குச் சொல்லியிருக்கிறான். அடிக்க அடிக்கவும் அதைத்தான் சொல்லியிருக்கிறான். நான் கண்டபாட்டுக்கு ஊத்திக் குடுத்தால் அவன் சொன்னது பொய்யாப் போயிடும்."

"அந்த மனுஷி என்ன சொல்றா?" என்று ஓ.ஐ.சி. என்னிடம் கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். தப்பும் தவறுமாக, அழுதுகொண்டே சொன்னேன். அவர் அக்காவைப் பார்த்தார். வாங்கில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். மேசையில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது.

"சரி. போடச் சொல்லு," என்றார்.

அக்கா புதிதாகத் தூள் போட்டார். கோப்பையைச் சுடுதண்ணீரில் கழுவினார். லைட் எரிந்து அணைந்தது. தண்ணீரைச் சீறவிட்டார், அது அடங்கும் வரை நின்றார். எழுத்து இறங்கி இறங்கித் தொண்ணூறுக்குக் கொஞ்சம் மேலே ஓரிடத்தில் நின்றது. கைப்பிடியைத் திருகினார். தேன் வடிகிற மாதிரி மெல்லிசாக, மண்ணிறமாக இறங்கியது. அந்த அறை முழுக்க எங்கள் ஹுன்னஸ்கிரியக் கோப்பி மணத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட பெருமை என் பிள்ளைகள் பாஸ் பண்ணியபோதும் ஏற்படவில்லை. இது என் பக்கத்து வீட்டு அக்கா என்று அங்கே இருந்த ஒவ்வொருவனிடமும் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அக்கா மோந்து பார்த்தார். தலையை ஆட்டினார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஓ.ஐ.சி. மேசைக்கு மேலாகக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைத் தாண்டிப் போய், வாங்குக்கு முன்னால் முழங்காலிட்டு, பிள்ளையின் கையில் கோப்பையைக் கொடுத்தார்.

"குடி ராசா. பாத்துச் சொல்லு."

பிள்ளை வீங்கிய உதட்டால் ஒரு வாய் உறிஞ்சினான். "சரியா இருக்கு பெரியம்மா," என்றான்.

ஓ.ஐ.சி. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"குடிச்சு முடிக்கட்டும்," என்றார் பிறகு. "முடிச்சதும் கூட்டிட்டுப் போங்க."

பிள்ளை அவசரப்படாமல் குடித்தான். நாங்கள் எல்லோரும், ஓ.ஐ.சி.யும்கூட, அவன் குடித்து முடிக்கும் வரைக்கும் காத்திருந்தோம்.